தண்ணீர் பையில் இருந்தது: யூட்டா பாலைவனப் பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போல்டர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கொலராடோவில் உள்ள பெரிய போல்டர் நகரம் வேறு. இது, கோவேறு கழுதை முதுகில் தபால் வந்த கடைசி அமெரிக்க ஊர்களில் ஒன்று. சுற்றிலும் செம்மணற்கல் பாறைகள், ஆழமான பள்ளத்தாக்குகள், ஜூனிப்பரும் பின்யன் பைனும் வளர்ந்த மேட்டுநிலம். பக்கத்தில் ஓடும் எஸ்கலான்டே ஆறே 1872-இல்தான் வரைபடத்தில் ஏறியது.

இந்த ஊரை மையமாக வைத்து நடக்கிறது போல்டர் அவுட்டோர் சர்வைவல் ஸ்கூல். சுருக்கமாக ‘பாஸ்’ என்பார்கள். தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது, செடி நாரில் கயிறு திரிப்பது, கல்லை உடைத்து வெட்டும் கருவி செய்வது, கூடாரம் இல்லாமல் இரவைக் கழிப்பது என்று ஆதிமனிதக் கைவேலைகளைச் செய்யவைத்தே சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. நிறையத் தெரிந்துகொள், குறைவாகச் சும என்பது அவர்களுடைய முழக்கம்.

2006 ஜூலையில் இந்தப் பள்ளியின் 28 நாள் பயிற்சிக்கு வந்த ஒருவர், இரண்டாம் நாளே தண்ணீரில்லாமல் இறந்துபோனார். தனியாக வழி தவறி அலைந்தவர் அல்ல அவர். கூடவே மற்ற மாணவர்களும் வழிகாட்டிகளும் நடந்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டிகளின் பையில் அவசரத்துக்கென்று தண்ணீர் இருந்தது.

இந்தச் சாவைப் பற்றிப் பேசும் பலரும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். ‘இந்தப் பயிற்சிகளே பைத்தியக்காரத்தனம், தடை செய்ய வேண்டும்’ என்பது ஒன்று. ‘ஆபத்து தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார்’ என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்கு ஏற்புடையவை அல்ல. காட்டில் வாழும் கைவேலைகளை நேரில் கற்பது அருமையான கல்வி, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கைவேலை கற்பதும் உடலை வருத்திப் பார்ப்பதும் இரண்டு வேறு பாடங்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் கோளாறு இருக்கிறது. அந்த மூட்டை எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தால்தான் 2006-இல் நடந்தது புரியும்.

இரண்டு ஊற்றுகள்

லாரி டீன் ஆல்சன் ஐடஹோ மாநிலத்தில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே அம்புமுனைகளைத் தேடிப் பொறுக்கவும், அவற்றை எப்படிச் செய்தார்கள் என்று தானே செய்து பார்க்கவும் தொடங்கியவர். 1960-களில் யூட்டாவின் ப்ரோவோ நகரில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இந்த வித்தைகளைக் கற்பித்தார். அங்கே மதிப்பெண் குறைந்து படிப்பை இழந்த மாணவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பாலைவனத்துக்கு அழைத்துப் போய் ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கவைத்து, முடித்துத் திரும்பியவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வது என்று 1968-இல் ஒரு திட்டம் வந்தது. ஆல்சன்தான் நடத்தினார். பாஸ் பள்ளி தன் வரலாற்றை அந்த 1968-இலிருந்தே எண்ணுகிறது.

இங்கே நுணுக்கமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். திட்டத்தின் நோக்கம் தீ மூட்டவோ கயிறு திரிக்கவோ கற்பிப்பது அல்ல, தோற்றுப்போன பிள்ளைகளைத் தூக்கி நிறுத்துவது. கைவேலை அதற்கான கருவி. பசியும் தாகமும் களைப்பும் கூட அதற்கான கருவிகள்தான்.

இரண்டாவது ஊற்று கடலில் இருந்து வந்தது. 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில், ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவன அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து அவுட்வர்ட் பவுண்டு பள்ளியைத் தொடங்கினார்கள். கடலில் இளம் மாலுமிகள் மனம் தளராமல் தாக்குப்பிடிக்கவேண்டும் என்பது அதன் பின்னணி. ‘உன்னால் முடியாது என்று நீ நினைப்பதற்கு அப்பாலும் உன்னால் முடியும்’ என்பது அதன் அடிநாதம். 1960-களின் தொடக்கத்தில் இது கொலராடோவுக்கு வந்து அமெரிக்க மலைப்பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரு வார்ப்பைக் கொடுத்தது. கடைசியில் ஒருவரைத் தனியாகச் சில நாள் விட்டுவிடும் பழக்கமும் அந்த வழியில் பரவியதுதான்.

ஆல்சனின் அம்புமுனையும் அவுட்வர்ட் பவுண்டின் மன உறுதியும் கலந்த கலவைதான் பாஸின் களப்பயிற்சி. 2006-இல் இருந்த முறைப்படி, முதல் சில நாட்கள் கையில் ஒன்றுமில்லாமல் நடக்கவைத்தார்கள். உணவு கிடையாது. தண்ணீர் சுமக்கவும் விடவில்லை, வழியில் கிடைத்த இடத்தில் குடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கம்பளி, கத்தி, மழைத்துணி எல்லாம் கைக்கு வந்தன, வித்தைகளும் ஒவ்வொன்றாக வந்தன. இந்த முதல் கட்டத்தில்தான் அந்தச் சாவு நடந்தது. அதாவது, தீ மூட்டுவதற்கான கோலை அந்த மனிதர் கையில் எடுப்பதற்கு முன்பே.

கை கற்கும் விதம்

சாவைப் பற்றிப் பேசுமுன், இந்தப் பயிற்சிகளில் நல்லது எது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வில் வைத்துத் தீக்கடைவதையே எடுத்துக்கொள்வோம்.

பொருட்கள் ஐந்து. கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் நீளக் கடைகோல். ஒரு விரல் தடிமனில் அடிக்கட்டை. மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு கல்லோ கெட்டி மரத்துண்டோ. கயிறு கட்டிய வளைந்த குச்சி, அதுதான் வில். அப்புறம் நன்றாகக் கசக்கிய பட்டைநார்க் கூடு. பழைய தச்சர்கள் வில்லில் கயிறு சுற்றித் துளைபோட்ட துரப்பணம் எப்படி வேலை செய்ததோ அப்படியேதான் இதுவும். துளைக்குப் பதில் இங்கே வேண்டியது சூடான தூள்.

யூட்டாவில் இதற்குக் காட்டன்வுட், வில்லோ, சேஜ்பிரஷ் மாதிரியான மென்மரங்களைத் தேடுவார்கள். பச்சை ஆகாது, உளுத்ததும் ஆகாது. செத்துக் காய்ந்து, நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற பதத்தில் இருக்க வேண்டும். அடிக்கட்டையில் குழி உண்டாக்கி, அதன் விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி, ஒரு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஆப்பு வடிவில் வெட்டு எடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் சொதப்புவது பெரும்பாலும் இந்த வெட்டில்தான். வெட்டு குழியின் நடுவரை எட்டாவிட்டால் தூள் ஓரிடத்தில் சேராது. வெட்டு அகன்றுவிட்டால் கோல் துள்ளி வெளியே வரும்.

பிறகு கடைய வேண்டும். வில்லின் முழு நீளத்துக்கும் நிதானமாக இழுத்துத் தொடங்கி, புகை வந்ததும் வேகத்தையும் அழுத்தத்தையும் கூட்டுவார்கள். எப்படிப் போகிறது என்று தூளே சொல்லிவிடும். வெளிர் பழுப்பாகச் சொரசொரவென்று விழுந்தால் அழுத்தம் போதவில்லை. கருத்து, பஞ்சுபோல் பொருபொருவென்று சேர்ந்தால் சரியான வழியில் போகிறது. கோலை நிறுத்திய பிறகும் தூளிலிருந்து தானாகப் புகை எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் கனல் பிறந்துவிட்டது. தூள் சுமார் 400 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அது நடக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஊதுகிறவர்கள் கனலைச் சிதறடித்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் கையால் மெல்ல விசிறி, தூள் கெட்டியாகச் சேர்ந்த பிறகு நார்க்கூட்டுக்குள் வைத்து, மூச்சை நீளமாக விட வேண்டும்.

இதை எழுத்தில் படித்து யாரும் கற்றுவிட முடியாது. அழுத்தம் எவ்வளவு என்பதைத் தோள்தான் கற்கும். மரம் காய்ந்திருக்கிறதா என்பதை உதடும் நகமும்தான் சொல்லும். புத்தகத்தில் ‘காய்ந்த மரம்’ என்று இரண்டு சொல்லில் முடிவது, கையில் நாள் கணக்கான பழக்கம். அதியமான் அமைதியாக இருக்கும்போது எப்படி இருப்பான் என்று சொல்ல, வீட்டுக் கூரை இறப்பில் செருகிவைத்த தீக்கடைகோலைத்தான் ஔவையார் உவமையாக எடுத்தார். கோலை மழை படாத இறப்பில் செருகிப் பாதுகாத்தது அன்றாடப் புழக்கம் என்பது அதில் தெரிகிறது. கடைவது மட்டும் வித்தை அல்ல, முந்தைய நாளே கோலைக் காயவைப்பதும் அந்த வித்தையில் அடக்கம். நேரடிப் பயிற்சி தருவது இந்த மாதிரியான அறிவைத்தான்.

கயிறு திரிப்பதும் அப்படியே. டாக்பேன் செடியின் தண்டை நசுக்கி நாரைப் பிரித்து, தொடையில் உருட்டி இரண்டு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, அவை இரண்டையும் எதிர்த் திசையில் ஒன்றோடொன்று சுற்றவிடுவார்கள். முறுக்கு முறுக்கைப் பிடித்துக்கொள்ளும். நார் முடியும் இடங்கள் இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தால் அங்கேதான் அறும். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தால் விரல் இதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் என்ன தேவை என்று யோசித்துப் பாருங்கள். நிழல் வேண்டும், நேரம் வேண்டும், வயிற்றில் கொஞ்சம் உணவும் வேண்டிய அளவு தண்ணீரும் வேண்டும். பொறுமையாகத் திரும்பத் திரும்பத் தவறு செய்ய இடம் வேண்டும். கை நடுங்குகிறவனுக்கு வெட்டு நேராக வராது. பசியோடும் தாகத்தோடும் இருப்பவனுக்குக் கவனமும் நிற்காது.

அந்த ஜூலை நாள்

2006-இல் நடந்ததை ஏபி செய்தி நிறுவனம் 2007-இல் விரிவாக வெளியிட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட குழு. பயிற்சிக் கட்டணம் 3,175 டாலர். இரண்டாம் நாள் வெயில் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. இறந்தவர் சுமார் பத்து மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. தசைகள் பிடித்துக்கொண்டன. பேச்சு குழறியது. ஒரு மரத்தை மனிதன் என்று நினைக்கும் அளவுக்கு மனம் தடுமாறியது. கடைசியில் விழுந்தார். அன்று எட்டவேண்டிய இடம் உள்ளே நீர்த்தேக்கம் இருந்த ஒரு குகை. அவர் விழுந்த இடத்திலிருந்து அது நூறு கெஜம்கூட இல்லை.

வழிகாட்டிகளிடம் தண்ணீர் இருப்பது அவருக்குச் சொல்லப்படவில்லை, குடிக்கவும் கொடுக்கப்படவில்லை. அவர் தோற்றுவிடக் கூடாது, தன் எல்லையைத் தானே தாண்டிக் குகையை அடையவேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்த வட்டார அரசு வழக்கறிஞர் குற்ற வழக்குத் தொடரவில்லை. பள்ளி இன்றும் நடக்கிறது.

வழிகாட்டிகளைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது, அதில் பயன் இல்லை. அவர்கள் அந்த மனிதரை வெறுத்திருந்தால் தண்ணீர் கொடுக்காததற்குக் காரணம் கிடைத்துவிடும். அவர்கள் அவருக்கு நல்லது நினைத்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது. பயிற்சியின் முதல் கட்டத்துக்கு ஒரு விதி இருந்தது: கஷ்டப்படுவது பயிற்சி நடக்கிறது என்பதன் அடையாளம், கஷ்டத்தைத் தாண்டுவது பாடம். அந்த விதிக்குள் நின்று பார்க்கும் ஒருவருக்கு, மயங்கித் தள்ளாடும் மனிதனும் மனம் தளர்ந்து புலம்பும் மனிதனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மனம் தளர்ந்தவனுக்கு வேண்டியது ஊக்கம். மூளை சூடேறியவனுக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் குளிர்ச்சியும், உடனே. இரண்டையும் பிரித்துப் பார்க்கவிடாமல் செய்தது அந்தப் பாடத்திட்டமே.

இன்னொன்று, தண்ணீர் இருப்பதை மறைத்தது. ‘தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால் கேட்டுவிடுவார்கள், பயிற்சியின் வீரியம் போய்விடும்’ என்பது இதன் பின்னால் இருந்திருக்கும் நினைப்பு. ஆனால் அவசரத் தண்ணீர் என்பது யாருக்கு அவசரம் என்று முடிவு செய்பவரிடம் மட்டும் இருந்தால் அது பாதி அவசரத் தண்ணீர்தான். கேட்கத் தெரியாதவர் கேட்க மாட்டார். பணம் கட்டி வந்து, பிறர் முன்னால் தோற்க விரும்பாத ஒரு இளைஞன், தனக்கு முடியவில்லை என்று சொல்வதைக் கடைசி வரை தள்ளிப்போடுவான். அதற்குள் சொல்லும் நிலையே போய்விடும்.

இது ஒரே ஒரு பள்ளியின் கதையும் அல்ல. ஆல்சன் தொடங்கிய வழியைப் பார்த்து, ‘வழிதவறிய’ பதின்பருவப் பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று பல வணிக நிறுவனங்கள் அந்தப் பாலைவனத்தில் முளைத்தன. 1990-இல் சில வாரங்களுக்குள் அந்த வட்டாரத்தில் இரண்டு சிறுமிகள் வெயில் நடையில் இறந்தார்கள். யூட்டா அரசு உரிமமும் விதிகளும் கொண்டுவந்தது அதன் பிறகுதான். அந்தப் பிள்ளைகள் தாங்களாக வந்தவர்கள்கூட இல்லை, பெற்றோர் அனுப்பியவர்கள். அது தனியாக எழுதவேண்டிய பெரிய கொடுமை.

தாகத்தைப் பழக்க முடியாது

தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகினால் உடல் அதற்கு ஏற்ப மாறிவிடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்திலும் ஒரு காலத்தில் இந்த நம்பிக்கை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரோச்செஸ்டர் பல்கலைக்கழக உடலியலாளர் எட்வர்ட் அடால்ஃப் தலைமையில் ஒரு குழு கலிஃபோர்னியா பாலைவனத்தில் வீரர்களை நடக்கவைத்து, எடை பார்த்து, குடித்ததையும் வியர்த்ததையும் அளந்தது. முடிவுகள் 1947-இல் வெளிவந்தன. தண்ணீர் இல்லாமல் இருக்க உடலைப் பழக்க முடியாது என்று அவை காட்டின. வெப்பத்துக்குப் பழகியவருக்கு வியர்வை கூடுமே தவிரக் குறையாது, ஆகவே அவருக்குத் தண்ணீர் இன்னும் கூடுதலாகத்தான் தேவை. குப்பியில் மிச்சம் பிடித்து வைப்பதைவிட வயிற்றுக்குள் போன தண்ணீரே உதவும். தாகம் மட்டும் வழிகாட்டினால் மனிதர்கள் இழந்த அளவுக்குக் குடிப்பதும் இல்லை.

அந்த வெயிலில் மேடு ஏறி நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம், சிலருக்கு அதற்கும் மேலே. 70 கிலோ எடையுள்ளவர் ஒன்றரை லிட்டர் இழந்தாலே உடல் எடையில் 2 விழுக்காடு போய்விட்டது. நடை தளரத் தொடங்கும். பத்து மணி நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பேச்சுக் குழறலும் மனத்தடுமாற்றமும் மன உறுதியின் அளவுகோல் அல்ல. மூளை பாதிக்கப்படுகிறது என்பதற்கான அடையாளம் அவை. அந்த நிமிடத்தில் பயிற்சி முடிந்துவிட்டது, மருத்துவம் தொடங்கிவிட்டது என்று ஒவ்வொரு வழிகாட்டிக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பாஸின் பயிற்சி தொடங்கியதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே இந்த முடிவுகள் அச்சில் வந்துவிட்டன. ஆனால் இருந்தும் தாகம் பாடத்திட்டத்தில் இடம் பிடித்தது. அறிவியல் தெரியாததால் என்று சொல்ல முடியாது. தாகத்துக்கு அங்கே உடலியலைத் தாண்டிய ஒரு பொருள் இருந்தது, அதுதான் காரணம்.

அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் என்ன சுமந்தார்கள்

இந்த நிகழ்வை ஆராயும்போது என்னை ரொம்பவும் யோசிக்கவைத்தது இந்தப் பகுதி.

போல்டரைச் சுற்றியுள்ள அந்தப் பீடபூமி தெற்குப் பையூட் என்ற பழங்குடி மக்களின் நிலம். அங்கே கற்பிக்கப்படும் வித்தைகளில் பலவும் அவர்களுடையவை அல்லது அவர்களைச் சேர்ந்த, அமெரிக்க மேற்கில் ‘கிரேட் பேசின்’ எனப்படும் பெரும்படுகையின் மக்களுடையவை. சிறு விலங்குகளைப் பிடிக்கக் கல்லைச் சாய்த்து வைக்கும் பொறிக்கு இன்றும் ‘பையூட் பொறி’ என்றே பெயர். அப்படியானால் பையூட் மக்கள் அந்த ஜூலை வெயிலில் வெறுங்கையோடு நடந்தார்களா?

இல்லை. அவர்கள் தண்ணீர் சுமந்தார்கள். வில்லோ, சுமாக் குச்சிகளை இறுக்கமாக முடைந்து குடுவை செய்தார்கள். பின்யன் பைன் பிசினைச் சூடான கூழாங்கற்களோடு குடுவைக்குள் போட்டு உருட்டிச் சுவர் முழுக்கப் பூசினார்கள். அது மண்குடம் போல் உடையாது, கனமும் கிடையாது. முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். எத்தனையோ தலைமுறைகளின் அறிவு அந்த ஒரு பொருளில் சேர்ந்திருக்கிறது.

குளிருக்கு அவர்களிடம் முயல்தோல் போர்வை இருந்தது. வலை விரித்து முயல்களைக் கூட்டமாக வளைத்துப் பிடித்து, தோலை நீள நாடாவாக வெட்டி முறுக்கி நெய்த போர்வை. இலையுதிர் காலத்தில் பின்யன் கொட்டைகளைச் சேகரித்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். கோடை வெப்பத்தில் மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். போல்டருக்கு வடக்கே அக்வேரியஸ் பீடபூமி 3,000 மீட்டருக்கும் மேலே உயர்ந்து நிற்கிறது. எந்தச் சுனை எந்த மாதத்தில் வற்றும் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத நிலத்தில் தெரியாதவர்களோடு நடுவேனிலில் தண்ணீரில்லாமல் நடப்பதை அவர்கள் செய்யமாட்டார்கள். அப்படி நடந்தால் அவர்களுக்கும் அது விபத்துதான்.

அவர்களுக்கும் முன்னால் வாழ்ந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் போல்டர் ஊருக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அகழ்ந்தெடுத்த கூம்ஸ் குடியிருப்பில் கி.பி. 1050 தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்தார்கள். சோளம் விளைவித்தார்கள், பானை வனைந்தார்கள், தானியத்தைச் சேமித்துவைத்தார்கள்.

ஆக, ‘ஆதி வாழ்க்கை’ என்று பயிற்சிகள் காட்டும் வெறுங்கை நிலை ஆதி மனிதர்களின் நிலையே இல்லை. அவர்கள் குறைவாகச் சுமந்தார்கள் என்பது உண்மை, ஆனால் எதைச் சுமக்கவேண்டும் என்று தெரிந்து சுமந்தார்கள். முதலில் சுமந்தது தண்ணீர். 28 நாள் பயிற்சியின் முதல் வாரம் முழுக்க ஒரு நிழலான சுனைக்கரையில் உட்கார்ந்து, பிசின் பூசிய நீர்க்குடுவை முடையக் கற்றுக்கொடுத்து, பிறகு அந்தக் குடுவையை நிரப்பி முதுகில் ஏற்றி நடக்கவைத்திருந்தால் அது பையூட் பாடம். அதில் கஷ்டம் இருக்காதா? குச்சியைக் கீறி, ஊறவைத்து, விரல் புண்ணாக முடைந்து, ஒழுகும் குடுவையைத் திரும்பப் பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பயிற்சி தேடுகிறவர்களுக்கு

இப்படிப்பட்ட பயிற்சி ஆல்சன் வளர்ந்த ஐடஹோவிலேயே இருக்கிறது. ரெக்ஸ்பர்க் அருகே ஆண்டுதோறும் செப்டம்பரில் ‘ராபிட்ஸ்டிக்’ என்ற கூடுகை நடக்கும். இதையும் தொடங்கியவர் ஆல்சன்தான். நின்றுபோனதைப் பிறகு டேவ் வெஸ்காட் மீட்டு நடத்தினார். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்கி, ஒருவரிடம் தோல் பதனிடவும் இன்னொருவரிடம் கல் செதுக்கவும் வேறொருவரிடம் கூடை முடையவும் கற்கலாம். யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஒருவரே பட்டினிப் பயணத்தையும் இந்தக் கூடுகையையும் தொடங்கியிருக்கிறார் என்பதிலிருந்தே, இரண்டும் பிரிக்கக்கூடியவை என்று தெரிகிறது.

நம் பக்கத்திலும் இப்போது மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரங்களில் ‘காட்டுவாழ்க்கை முகாம்’ என்று ஆரம்பிக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பொறி வைத்து விலங்கு பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே இந்த வித்தைகளைப் பட்டா நிலத்திலும் தோப்பிலும்தான் நடத்த முடியும். அதில் குறை ஒன்றும் இல்லை. தீக்கடைவதற்கும் கற்றாழை நார் பிரிப்பதற்கும் தோப்பு நிழலே போதும், காடு தேவையில்லை.

அப்படி ஒரு முகாமில் சேரப்போகிறவர்கள், காட்டுப் பழமும் கிழங்கும் எத்தனை காட்டுவீர்கள் என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். தண்ணீர் யார் பையில் எவ்வளவு இருக்கும், அது எல்லோருக்கும் தெரியுமா? ஒருவர் ‘போதும்’ என்றால் எப்படி, எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் சாலைக்கு வருவார்? விலகுகிறவருக்குக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? (இது சில்லறைக் கேள்வியாகத் தோன்றலாம். பணம் போய்விடுமே என்று நடக்கிறவர்கள் நிறையப் பேர்.) வெயில் கணக்கு பார்த்து நடை நேரத்தை மாற்றுவார்களா, இல்லை அட்டவணைப்படிதான் நடப்பார்களா? வழிகாட்டி ஒருவர் ‘நிறுத்து’ என்றால் மூத்த வழிகாட்டியும் நிறுத்தித்தான் ஆகவேண்டுமா?

கடைசியாக, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருவருக்கு நாக்கு குழறினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் யார் என்னென்ன செய்வார்கள் என்று கேளுங்கள். வரிசையாகச் சொன்னால் சேருங்கள். அவருடைய மன உறுதியைப் பொறுத்தது என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.